சைக்கிள் தந்த ஆசான்

உதைபந்தாட்டப் போட்டியொன்று முடிந்ததும், கோல் போட்டது யார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவருக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற வருடம் வரை செய்யது அப்துல் ரஹீம் என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

எனது ஊர் பல்லேகம. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வந்து, றிவஸ்டன் மலைப்பாதையில் ஏறி இறங்கித்தான் எங்கள் ஊருக்குப் போக வேண்டும். உயர்தரம் படிப்பதற்காக வார நாட்களில் சாச்சியின் வீட்டில் தங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்குப் பிறகு பஸ் ஏறி உம்மாவிடம் போய்விடுவேன். எங்கள் வலைப்பந்தாட்டப் பயிற்சியோ சனிக்கிழமை காலையில். மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து போக முடியவில்லை. நான்காவது வாரம் அணிப் பட்டியலில் எனது பெயர் இல்லை.

இனிமேல் பந்தைத் தொடவே மாட்டேன் என்று வாப்பாவிடம் அழுதேன். வாப்பா உதைபந்தாட்டத்தில் பைத்தியம். அவர் சிறு வயதில் விளையாடிய பழைய பல்லேகம இப்போது களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. அன்று இரவு அவர் எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் வாழ்ந்த ஒரு பாடசாலை ஆசிரியரின் கதையைத்தான் சொன்னார். அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன்.

செய்யது அப்துல் ரஹீம் 1909 ஆகஸ்ட் 17ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கினார். உடற்கல்வியிலும் பயிற்சி பெற்றார். இளமையில் அவரும் நல்ல உதைபந்தாட்ட வீரர்தான். ஆனால் அவரது பெயரை நிலைக்கச் செய்தது அவர் விளையாடிய ஆட்டமல்ல, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டமே. மக்கள் அவரை ரஹீம் சாஹிப் என்று மரியாதையாக அழைத்தார்கள்.

1943ஆம் ஆண்டு அவர் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். வகுப்பறையில் மெல்லக் கற்கும் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் எப்படிப் புது வழி தேடுவாரோ, அப்படியே மைதானத்திலும் அவர் தேடினார். வலது காலால் மட்டுமே உதைக்கப் பழகியவர்களுக்காக, பலவீனமான காலால் மட்டும் விளையாட வேண்டிய போட்டிகளை வைத்தார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடுபவர்களுக்காக, பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாத போட்டிகளை நடத்தினார். பந்து வந்தவுடன் தோழனுக்குக் கொடுத்தாக வேண்டும். இதனால் தனித்தனியாகத் திறமை காட்டியவர்கள் ஓர் அணியாக மாறினார்கள்.

1950ஆம் ஆண்டு அவர் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுவிப்பாளரானார். பம்பாயில் அக்காலத்தில் நடைபெற்ற புகழ்பெற்ற ரோவர்ஸ் கிண்ணத்தை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அதே காலத்தில் இந்தியத் தேசிய அணியும் அவரது கைக்கு வந்தது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டியில் ஈரானை 1–0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த வருடமே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10–1 என்று தோற்றது. அன்று இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் விளையாடினார்கள். இப்படித் தோற்றால் யாருக்கும் ஓடி ஒளியத்தான் தோன்றும். ரஹீம் சாஹிப் ஒளியவில்லை. பாதணி அணிந்து விளையாடுவது அதன் பிறகு கட்டாயமாக்கப்பட்டது. உலகின் சிறந்த அணிகள் எப்படி விளையாடுகின்றன என்பதைக் கவனித்து, அந்தப் புதிய வியூகங்களைத் தனது அணிக்கும் பழக்கினார்.

வாப்பா எனக்குச் சொன்ன கதை இந்தக் காலத்தில்தான் நடந்தது. செகந்திராபாத்துக்குப் பக்கத்திலிருந்த அம்முகுடா என்னும் கிராமத்தில் துளசிதாஸ் பலராம் என்ற ஏழை இளைஞர் இருந்தார். அவரது ஆட்டத்தைப் பார்த்த ரஹீம் சாஹிப், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். அவ்வளவு தூரம் தினமும் வந்துபோகப் பலராமிடம் பணம் இல்லை. அதை அறிந்ததும் ரஹீம் சாஹிப் அவருக்கு ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். பயிற்சிக்கு வர இயலாதவரை ஆர்வம் இல்லாதவர் என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு இலகு! ஏன் வர இயலவில்லை என்று கேட்டறிந்ததால் இந்தியாவுக்கு ஒரு பெரிய வீரர் கிடைத்தார். பலராம் 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் சென்றார். ரோம் நகரில் பலம் வாய்ந்த ஹங்கேரிக்கு எதிராக கோலும் போட்டார்.

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில், போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவையே இந்தியா 4–2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. இந்தியா முதலில் ஒரு கோல் போட்டு முன்னிலை பெற்றாலும் இறுதியில் 4–1 என்று தோற்றது. பத்து கோல்களுக்கும் நான்கு கோல்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் ஓர் ஆசிரியரின் நான்கு வருட உழைப்பு என்று நான் நினைக்கிறேன். பதக்கம் கிடைக்கவில்லை. நான்காம் இடமே கிடைத்தது.

அவரது வாழ்வின் உச்சம் 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவாகும். முதல் போட்டியில் தென்கொரியாவிடம் இந்தியா 2–0 என்று தோற்றது. பின்னர் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றது. தாய்லாந்துடனான போட்டியில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட நேர்ந்தது. அடுத்து வந்த ஆட்டங்களில் ரஹீம் சாஹிப் அவரை முன்கள வீரராக விளையாட வைத்தார். எல்லோரும் ஆச்சரியப்பட்ட முடிவு அது. அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என்று வென்ற இந்தியா, இறுதிப் போட்டியில் மீண்டும் தென்கொரியாவைச் சந்தித்தது.

செப்டெம்பர் 4ஆம் திகதி. மைதானத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் அந்த விழாவில் இடமளிக்கப்படாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் மட்டும் இந்திய அணிக்காகக் கைதட்டினார்கள் என்று அன்று விளையாடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பி.கே. பானர்ஜி முதல் கோலைப் போட்டார். இரண்டாவது கோலைப் போட்டவர், தலையில் காயத்துடன் முன்னால் நின்ற ஜர்னைல் சிங். தமிழ்ப் பெயர் தாங்கிய பீட்டர் தங்கராஜ் கோல் காப்பாளராக நின்றார். 2–1 என்று இந்தியா வென்றது. முதல் போட்டியில் தங்களைத் தோற்கடித்தவர்களையே தோற்கடித்துத் தங்கம் பெற்றார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதங்கள்தான் ரஹீம் சாஹிப் உயிரோடிருந்தார். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர் 1963 ஜூன் 11ஆம் திகதி இறையடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 53. அன்று முதல் இன்று வரை ஆசிய விளையாட்டு விழாவில் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. சிறந்த பயிற்றுவிப்பாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை இந்திய அரசு தொடங்கியது 1985ஆம் ஆண்டில். அப்போது அவர் மறைந்து 22 வருடங்கள் ஆகியிருந்தன.

ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தவை அவரோடு போய்விடவில்லை. அவரிடம் கற்ற பி.கே. பானர்ஜி பிறகு புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளரானார். ரஹீம் சாஹிபின் மகன் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். பின்னர் சர்வதேச நடுவராகவும் பயிற்றுவிப்பாளராகவும் பணியாற்றினார். வாப்பா பந்து விளையாடிய ஊர் தண்ணீருக்கடியில் போனாலும், அவர் என்னிடம் சொன்ன கதை போகவில்லை அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

வாசிக்கும் தோழிகளே, எனக்கு அணியில் மீண்டும் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அது நடக்கவில்லை. ஆனால் இந்த வருடம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கவும் எறியவும் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி நன்றாக விளையாடுவாள். இரண்டு வாரங்கள் அவள் வரவில்லை. பட்டியலில் அவளது பெயரை வெட்டப் பேனாவை எடுத்தேன். அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்தது. அடுத்த நாள் அவளது வகுப்புக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன். முதலாம் வகுப்பில் படிக்கும் தம்பியை வீட்டுக்குக் கூட்டிப்போக வேறு ஆளில்லையாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இப்போது அவன் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் பந்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

கற்றுக்கொடுப்பவரின் பெயர் கோல் போட்டவர்களின் பட்டியலில் வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு கோலிலும் அவரது பங்கு இருக்கிறது. எல்லாம் வல்ல அல்லாஹ் ரஹீம் சாஹிப் அவர்களின் நற்பணிகளை ஏற்றுக்கொண்டு, அன்னாருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.