நாடகம் பார்க்கப் போனதுக்கு 14 நாள் சிறை... ஊரைவிட்டே தப்பிய ராணுவ டாக்டர்! யார் இந்த ஷில்லர்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் கீதம், பீத்தோவன் ஒரு கவிதைக்காகப் போட்ட மெட்டு. அந்தக் கவிதையை எழுதிய பிரெடரிக் ஷில்லர் படிச்சது என்னவோ மருத்துவம்!

1759-ல் ஜெர்மனியின் மார்பாக்கில் பிறந்த ஷில்லருக்குப் பாதிரியார் ஆகணும்னு ஆசை. ஆனால், வூர்ட்டம்பெர்க் கோமகன் கார்ல் ஆய்கன் அவரைத் தனது ராணுவப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். அங்கேயே மருத்துவம் படித்து, 1780-ல் ஸ்டுட்கார்ட்டில் படை மருத்துவரானார்.

பள்ளியில் ரகசியமாக எழுதிய 'கொள்ளையர்கள்' நாடகம், 1782 ஜனவரியில் மன்ஹைம் நகரில் அரங்கேறி செம ஹிட். நாடகம் பார்க்க அனுமதி இல்லாமல் மறுபடியும் மன்ஹைம் போனது தெரியவர, 14 நாள் சிறை. இனி மருத்துவம் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்றும் தடை போட்டார் கோமகன்.

வேலையா, எழுத்தா? அப்பாவும் அதே கோமகனிடம்தான் வேலை பார்த்தார். ஆனாலும் செப்டம்பர் 22 இரவு, நண்பர் ஸ்ட்ரைஷருடன் ஷில்லர் தப்பினார்.

பிறகு கடனும் நோயும் துரத்தின. 1805 மே 9-ல் வைமரில் இறந்தபோது வயது 45. உடற்கூறாய்வில், ஒரு நுரையீரல் முழுசா அழிந்திருந்தது தெரிந்தது. அந்த உடம்போடுதான், முந்தைய ஆண்டு 'வில்லியம் டெல்' நாடகத்தை எழுதி முடித்திருந்தார்.