கணக்கு எழுதின குமரப்பா

ஜே.சி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவருங்க. லண்டனில் ஆடிட்டர் படிப்பு, பம்பாயில் கோட்டு சூட்டோடு தொழில், அப்புறம் அமெரிக்காவில் மேல்படிப்பு. 1929-ல் காந்தியைப் பார்த்த பின்னால் கதருக்கு மாறிட்டார். குஜராத்தில் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய்க் குடியானவங்க வரவு செலவை எழுதினார். நம்ம குழு நோட்டு மாதிரிதான், ஆனா ஒரு தாலுகாவுக்கே!

1934-ல் வார்தாவில் ஆரம்பிச்ச கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினவர் இவர்தான். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ, குப்பை எருன்னு எல்லாத்தையும் செஞ்சு பார்த்தாங்க. மண்ணெண்ணெய் வாங்காம, தாவர எண்ணெயில் எரியற விளக்குகூடச் செய்தாங்க. ஊரில் கிடைக்கறதுக்கு வெளியே காசு போகக்கூடாதுங்கறது அவர் கணக்கு.

இங்க நெருப்பெரிச்சலில் எங்க வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனியில் இப்ப வாரம் நாலு நாள்தான் வேலை. சனிக்கிழமை சம்பளம் மளிகைக்கே சரியாப் போயிருது. அரிசி கழுவின தண்ணியைச் சொரக்காய்க் கொடிக்கு ஊத்தறேன், பழைய சிமெண்டுப் பையில் கீரை போட்டிருக்கேன். காய்ச் செலவு குறையுது. வாடகையும் கேஸும் கொடியில் காய்க்காதுங்க, அதையும் சொல்லணும்.

குமரப்பா கல்யாணம் பண்ணிக்கலை. ஜெயிலுக்குப் போனார், அங்கேயே புத்தகம் எழுதினார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இருந்தார். 1960 ஜனவரி 30-ல், காந்தி இறந்த அதே தேதியில், காலமானார்.