டாக்டர் தாலிமெரன் ஆவோ

பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களினின்று நம் கல்லூரிக்கு வந்துள்ள மாணாக்கர் பலர் மக்காச்சோளம் அறுத்த கொல்லையிலேயே பந்துதைக்கக் கற்றவர்கள். தட்டை அறுத்தபின் நிலத்தில் நிற்கும் கட்டைகள் உள்ளங்காலைக் கிழிப்பன. எனினும் யாம் அவற்றின் நடுவேதான் ஓடினோம். பூட்ஸ் என்பதைக் கல்லூரி மைதானத்தை மிதித்த பின்னரே எம்முட் பலர் அணிந்தோம். ஆதலின், சுதந்தர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் குழு பெரும்பாலும் வெறுங்காலோடு களம் புகுந்ததென்றும், அதற்குத் தலைமை பூண்டவர் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஒரு போதகர் மகன் என்றும் அறிந்த அன்று, அவர் வரலாற்றை நம் சஞ்சிகையில் எழுதுதல் வேண்டுமெனத் துணிந்தோம்.

தாலிமெரன் ஆவோ 1918ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் நாகர் மலையிலுள்ள சாங்கி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கனம் சுபோங்வதி நிங்தாரி பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர். ஆவோ நாகரிடையே அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷனார் நிறுவிய இம்பூர் வளாகத்தில் அவர் ஊழியம் புரிந்தார். அவ்வளாகத்துச் சிறுவரோடு பந்தாடியே தாலிமெரன் வளர்ந்தார். 1935இல் தந்தையாரைக் குடற்காய்ச்சல் பற்றியது. மரணப்படுக்கையிற் கிடந்த அவர் மகனை அழைத்து, மருத்துவம் கற்றுத் தம் மலைமக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டு கண்மூடினார். மகனுக்கு அப்பொழுது வயது பதினேழு. இக்கட்டளையை நினைவில் வையாமல் பின்வருவனவற்றைப் படிப்போர்க்கு அவர் செய்கை விளங்காது.

ஜோர்ஹாட் மிஷன் பள்ளியிலும், பின்னர்க் குவாஹாட்டிக் காட்டன் கல்லூரியிலும் அவர் பயின்றார். குவாஹாட்டியில் மகாராணா கழகத்திற்கு ஆடி ஆட்டத்தில் முதிர்ந்தார். 1942இல் கல்கத்தாவிற் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே மோகன் பகான் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அக்கழகத்தின் பெருமை சிறிதன்று. 1911 சூலை 29ஆம் நாள் கிழக்கு யார்க்ஷயர்ப் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்றாக வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்ட முதல் இந்தியக் குழு அது. அன்று வெறுங்காலோடு ஆடியவர் பதின்மர். பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே. இது கதைக்குப் புறம்பானதாயினும் நம் கல்லூரியார்க்குச் சுவையாயிருக்குமென்று குறித்தோம்.

கழகத்தில் ஆவோவுக்கு வாய்த்த இடம் நடு அரைக்காப்பு. அந்நாளைய முறைப்படி பின்காப்பினர் இருவர், அரைக்காப்பினர் மூவர், முன்னணியினர் ஐவர் என அணி வகுப்பர். மூவருள் நடுவில் நிற்பவர்க்கு ஓய்வென்பது இல்லை. எதிரியின் நடு முன்னணியாளனை மறிக்க வேண்டும்; பந்தைப் பறித்தவுடன் தம் முன்னணியார் காலுக்கு அதனைச் சேர்க்கவும் வேண்டும். பின்னேயும் முன்னேயும் ஓடி ஓடி இளைப்பவர் அவர்; இலக்கில் பந்து விழுங்கால் ஆரவாரம் பெறுபவரோ வேறொருவர். மறுநாட் செய்தித்தாளில் அவர் பெயர் வருவதும் அரிது. அவ்விடத்தில் நின்றே ஆவோ கழகத்தின் தலைமையையும் பெற்றார்.

1948இல் இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் கூடின. சூலை 29ஆம் நாள் வெம்பிளி அரங்கில், விடுதலை பெற்று ஓராண்டும் நிரம்பாத நாட்டின் கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் ஆவோவே. பர்மியர் வாராமையால் முதற்சுற்று ஆடாமலே கழிந்தது. 31ஆம் நாள் இல்பர்டு மைதானத்திற் பிரெஞ்சுக் குழுவை எதிர்த்தனர். நம்மவருட் பெரும்பாலோர் கணைக்காலிற் சுற்றிய துணிக்கட்டேயன்றி வேறு காப்பின்றி ஆடினர். பிரெஞ்சுக்காரர் முதலில் ஓர் இலக்கு அடித்தனர். எழுபதாம் நிமிடத்திற் சாரங்கபாணி இராமன் அதனைச் சமன் செய்தார். ஆயினும் தண்ட உதைகள் இரண்டு வாய்த்தும் இரண்டையும் நம்மவர் வீணாக்கினர். ஆட்டம் முடியும் தறுவாயில் மற்றோர் இலக்கு வீழ்ந்தது. இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றோம். தோல்வி தோல்வியே. இருப்பினும் ஏறத்தாழப் பதினேழாயிரம் பேர் கூடியிருந்த களத்தில் வெறுங்கால் வீரர் பெற்ற மதிப்பு வென்றவர் மதிப்பிற் குறைந்ததன்று. அப்பயணத்திலேயே ஆலந்து நாட்டு அயாக்ஸ் கழகத்தை ஐந்துக்கு ஒன்றாக வென்றனர்.

அவ்வேளையில், இங்கிலாந்தின் முதற்பிரிவில் அவ்வாண்டு முதலிடம் பெற்றிருந்த அர்சனல் கழகம், ஓராண்டு தங்கி ஆடுமாறு ஆவோவை அழைத்தது என்பர். அவர் இசையவில்லை. கல்கத்தாவிற் படிப்பு முடியாமற் கிடந்தது. தந்தையார் சொல்லும் அவரை ஈர்த்தது.

இதுபற்றி விடுதியில் எம்முள் பெரிய வழக்கே நடந்தது. அவர் அன்று இசைந்திருப்பின், பந்தாட்டத்தையே தொழிலாகக் கொள்ளும் வழி நம் நாட்டார்க்குத் திறந்திருக்கும் என்றனர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஒருவர் கால் வைத்த வழியிற் பலர் நடப்பர். பிரிட்ஸ் வால்டர் என்னும் ஜெர்மானிய ஆட்டக்காரரும் 1951இல் ஸ்பெயின் தேசத்து அட்லெடிகோ மாட்ரிட் கழகம் தர முன்வந்த பெரும்பொருளை மறுத்துக் கைசர்ஸ்லாட்டர்ன் என்னும் தம் ஊரிலேயே தங்கினார். ஆனால் அவர்க்கு ஆட்டம் எஞ்சியிருந்தது. 1954இல் தம் நாட்டிற்கு உலகக் கிண்ணத்தையும் வென்று தந்தார். ஆவோ துறந்ததோ ஆட்டத்தையே. ஆகவே இவர் துறவு பெரிதென்பது எம் கருத்து. ஓராண்டு போய்த் திரும்பியிருந்தால் என்ன குறை என்று எம் நண்பர் கேட்ட கேள்விக்கு மட்டும் யாம் விடை காணவில்லை.

1942இற் சேர்ந்தவர் 1950இலேதான் எம். பி. பி. எஸ். பட்டம் பெற்றார். மைதானத்திற்கும் பாடநூலுக்கும் இடையே அலையும் நம் விளையாட்டு வீரர்கள் இவ்வெட்டாண்டைக் கண்டு சற்றே ஆறுதல் பெறுக. 1953இற் கோகிமா மருத்துவமனையில் உதவி மருத்துவராய்ப் பொறுப்பேற்றார். மருத்துவர் அரிதாகிய மலைநாட்டில் ஒரு மருத்துவர் வந்திறங்குவது எத்தகைய செய்தி என்பதை அறிய எமக்கு ஏடு வேண்டுவதில்லை. அரியலூரில் அரசினர் மருத்துவக் கல்லூரி தோன்றியது 2022இலேதான்; அதற்குமுன் கடுநோய் கண்டால் தஞ்சைக்கோ திருச்சிக்கோ நோயாளியை வண்டியேற்றிய வீடுகள் எம் பக்கத்தில் எத்தனையோ. மலைப்பாதையும் அந்நாளைய கலகமும் சேர்ந்த நாகர் நாட்டில் நிலைமை அதனினும் கடிதாயிருந்திருக்கும்.

1963இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அதன் சுகாதாரத் துறையின் இயக்குநர் பதவி ஆவோவுக்கு வந்தது. 1978இல் ஓய்வு பெறும்வரை அப்பணியே அவர் பணி. பந்தாட்டத்தில் ஆறே ஆண்டுகளில் நாட்டின் தலைமையை எட்டியவர், மருத்துவத்திற் கால் நூற்றாண்டு உழைத்தார். முன்னதைப்பற்றி எழுதினோர் பலர், பின்னதைப்பற்றி எழுதினோர் சிலரே.

1998 செப்டம்பர் 13ஆம் நாள் தமது எண்பதாம் வயதில் அவர் காலமானார். வடகிழக்கு மாநிலங்களின் இளைஞர்க்கென 2009இல் தொடங்கிய கால்பந்துப் போட்டியின் கிண்ணம் அவர் பெயரைத் தாங்குகிறது. அதில் ஆடுவோர் பூட்ஸ் அணிந்தே ஆடுகின்றனர்.