காந்தப் புயலை அளந்த மூஸ்

கதிரவனிடமிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் சிற்சில வேளைகளில் வெள்ளமெனப் பாய்ந்து, நிலவுலகின் காந்தப் புலத்தைக் கலக்கும். அதுவே காந்தப் புயல். உடுமலைப்பேட்டை மீது அது வீசினும் தென்னங்கீற்று அசையாது. ஆய்வுக்கூடத்துக் காந்த ஊசியே அசையும். 1859 செப்டம்பரில் எழுந்த பெரும்புயலால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திப் போக்குவரத்து நிலைகுலைந்தது. பம்பாய்க் கொலாபா ஆய்வுக்கூடம் அப்புயலைப் பதிவு செய்தது.

அவ்வாண்டிலேயே பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார் நானாபாய் மூஸ். எடின்பரோவில் அறிவியல் பயின்ற அவர், 1896இல் அக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

அந்நாளில் பம்பாயில் குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்டத் திட்டமிட்டனர். அருகே மின்னோட்டம் பாய்ந்தால் காந்த ஊசி பிழைபடும். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்த அளவுகள் அற்றுப்போகும். நகரின் வளர்ச்சியைத் தடுத்தலும் ஆகாது; அளவுகளை இழத்தலும் ஆகாது. ஆதலால், தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிபாக்கில், இரும்பு கலவாத புதிய கூடம் எழுந்தது. 1904 முதல் 1906 வரை ஈரிடத்தும் ஒரே காலத்தில் அளந்து, பழைய கணக்கோடு புதியதை மூஸ் இணைத்தார். 1907இல் மின்டிராம் ஓடத் தொடங்கியது.

1846 முதல் 1905 வரையுள்ள அளவுகளை ஆராய்ந்து, 1910இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1936இல் அவர் மறைந்தார்.

1989இல் காந்தப் புயலொன்றால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது. இத்தகைய புயல்கள் எவ்வளவு கடுமையாகக்கூடும் என்பதைப் பழைய அளவுகளே உணர்த்தும். 2003இல் அறிஞர்கள் கொலாபாப் பதிவைக்கொண்டே 1859ஆம் ஆண்டுப் புயலின் வலிமையைக் கணித்தனர். அலிபாக் கூடம் இன்றும் அளந்து வருகிறது. தொடங்கிய பணி இடையறாமல் காத்தலும் பெருந்தொண்டே அன்றோ!