பரமஹம்சரின் இறுதிக்கால வைத்தியர்

ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரின் சரிதத்தைப் படித்தோர் டொக்டர் மகேந்திரலால் சர்க்காரின் பெயரை அறியாதிரார். அவதாரக் கொள்கையை ஏற்காது அடியார்களோடு வாதாடியவர் என்ற அளவிலேயே அவரை நினைப்போர் பலர். மாற்ற முடியாத நோயுற்ற ஒருவருக்கு ஒரு வைத்தியர் எவ்வாறு துணைநின்றார் என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது.

மகேந்திரலால் 1833 நவம்பர் 2 ஆம் நாள் வங்கத்தில், ஹௌரா மாவட்டத்துப் பாய்க்பாராக் கிராமத்திற் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையையும் ஒன்பது வயதில் தாயையும் இழந்து, கல்கத்தாவில் தாய்மாமன்மார் ஆதரவில் வளர்ந்தார். 1863 இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்றவருள் அவர் இரண்டாமவர்.

தாம் கண்டதை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஓமியோபதியைக் கண்டித்துப் பேசிவந்தவர், இராஜேந்திர தத்தர் என்பார் செய்த சிகிச்சையை நேரிற் பார்த்தபின் மனம் மாறினார். 1867 இல் வைத்தியர் சங்கக் கூட்டத்திலேயே அதை எழுந்து சொன்னார். சகவைத்தியர்கள் அவரைத் தள்ளிவைத்தார்கள். வருவாயும் சில காலம் வெகுவாகக் குறைந்தது. ஓமியோபதி பற்றிய அவரது முடிபை இன்றைய வைத்திய விஞ்ஞானம் ஏற்பதில்லை. ஆயினும் நட்டத்துக்கு அஞ்சாத அந்த நேர்மையை யார் மறுப்பர்? 1876 இல் அவர் கல்கத்தாவில் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்திலேதான் நம் தமிழர் சி. வி. இராமன் பிற்காலத்தில் ஆராய்ந்து, 1928 இல் தமது பெயர் விளங்கும் உண்மையைக் கண்டார்.

1885 ஆம் ஆண்டு பரமஹம்சருக்குத் தொண்டையில் நோவு கண்டது. தட்சிணேசுவரத்திலிருந்து அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துவந்து சியாம்புகூர் வீதியில் ஒரு வீட்டில் வைத்தனர். ஒக்டோபர் மாதத்தில் சர்க்கார் சிகிச்சையை ஏற்றார். நோய் புற்றுநோய். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதே 1895 இல்தான்; கதிர்ச்சிகிச்சை என்ற சொல்லே அந்நாளில் இல்லை. கொடுத்த மருந்து எதுவும் அந்நோயை நிறுத்தக்கூடியதன்று.

பின் வைத்தியர் செய்தது என்ன? தொண்டைக்கு ஓய்வு வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும், சமாதிநிலை உடலை வருத்தும் என்று விதித்தார். ஆகாரத்தையும் இரவு நித்திரையையும் விசாரித்தறிந்தார். தாம் வராத வேளையில் மகேந்திரநாத குப்தர் வீடு தேடிச் சென்று நோயாளரின் நிலையைச் சொல்லும் ஏற்பாடும் இருந்தது. முதலிற் கட்டணம் பெற்றவர், செலவை அடியார்களே சேர்ந்து சுமக்கிறார்கள் என்றறிந்ததும் அதை விட்டார். இன்னொன்று வேடிக்கையானது. மற்றவர்களோடு பேசலாகாது, தம்மோடு மட்டும் பேசலாம் என்று சொல்லிவிட்டு, பிற நோயாளர் காத்திருக்க, மணிக்கணக்காக அப்படுக்கையருகே இருந்துவிடுவார்! வைத்திய விதிப்படி இது பிழைதான். ஆனால் அந்த நோயாளருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

துர்க்கா பூசை நாளில் பரமஹம்சர் சமாதியில் ஆழ்ந்தபோது சர்க்கார் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துச் சோதித்தார். உடன்வந்த வைத்தியர் கண்மணியை விரலாற் தொட்டுப் பார்த்தார், அசைவில்லை. தம் விஞ்ஞானம் இதற்கு விளக்கம் கூறமுடியாது என்பதை அவர் மறைக்கவில்லை. அதனால் அவதாரக் கொள்கையை ஏற்றுக்கொள்ளவுமில்லை. அன்புக்கு உடன்பாடு வேண்டும் என்ற நியதி அவ்விருவரிடையே இருக்கவில்லை.

நகரத்து நெரிசற் காற்று ஆகாதென்று அவர் கூறியபடி, டிசெம்பர் 11 ஆம் நாள் பரமஹம்சர் காசிப்பூர்த் தோட்டவீட்டுக்கு மாற்றப்பட்டார். மாதம் எண்பது ரூபா வாடகையைச் சுரேந்திரநாத மித்திரர் பொறுப்பேற்றார். சாரதாதேவியார் பத்திய உணவு சமைத்தார். இரவுபகல் முறைவைத்துச் சிசுருஷை செய்தவர்கள் வாலிபர்கள். நம் சங்க அங்கத்தவர்களின் வயதினரே. நரேந்திரர் சட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். சசி என்பவரே பின்பு இராமகிருஷ்ணானந்தராகி 1897 இல் சென்னைக்கு வந்தவர். நோய் தொற்றுமோ என்று சிலர் அஞ்சியபோது, நோயாளர் உண்டு மிஞ்சிய கஞ்சியை நரேந்திரர் எடுத்துக் குடித்து அவ்வச்சத்தைப் போக்கினார் என்பர். புற்றுநோய் அவ்வாறு தொற்றுவதன்று என்பது இன்று யாவரும் அறிந்தது. ஆயினும் இன்றும் அந்நோயாளரின் கோப்பையைத் தனியே ஒதுக்கிவைக்கும் வீடுகள் இல்லாமலில்லை.

காசிப்பூரில் இராஜேந்திர தத்தரும் சிகிச்சை செய்தார். சர்க்காரைத் தம் வழிக்குத் திருப்பிய அதே தத்தர்! சர்க்கார் மனக்குறையின்றி இடையிடையே வந்து பார்த்தார். குணப்படுத்த இயலாது என்று தெரிந்தபின்னும் அவர் வருகை நிற்கவில்லை.

1886 ஓகஸ்ட் 16 ஆம் நாள் அதிகாலையில் பரமஹம்சர் மகாசமாதியடைந்தார். சமாதிநிலையோ என்று அடியார்கள் ஐயுற்றுக் காத்திருக்க, பிற்பகலில் வந்து பரிசோதித்து உயிர் பிரிந்ததை உறுதிசெய்தவர் சர்க்காரே. படம் ஒன்று எடுத்துவைக்கும்படி சொல்லி, அச்செலவுக்குப் பத்து ரூபாவும் கொடுத்துச் சென்றார்.

அந்நாளில் தீராநோயெனப்பட்ட குட்டம் பீடித்தவர்களுக்காக வைத்தியநாதத்தில் அவர் அமைத்த இல்லத்துக்குத் தம் மனைவி இராஜகுமாரியின் பெயரை இட்டார். 1904 பெப்ருவரி 23 ஆம் நாள் கல்கத்தாவிற் காலமானார். விஞ்ஞானச் சங்கத்தை அவர் மகன் அமிர்தலால் தொடர்ந்து நடத்தினார்.