பிறப்பின் தடையைக் கடந்த கணித மேதை காஸ்பார் மோன்ஜ்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. மேல்நிலைக் கணிதப் புத்தகத்தில் நேர்கோடு, தளம், வெக்டர் என வரும் பகுதியை எட்டியதும் நம் பிள்ளைகள் பலர் தயங்கி நிற்பதை மாலை வகுப்புகளில் நாம் கண்டு வருகிறோம். நீளம், அகலம் என்ற இரண்டோடு உயரமும் சேர்ந்தவுடன் அவர்களுக்கு மலைப்பு உண்டாகிறது. அம்மலைப்பினும் கொடியது ஒன்றுண்டு. இக்கணக்கு நமக்கு வராது, இது வேறு எவர்க்கோ உரியது என்ற எண்ணமே அது. அப்பகுதியை எவரும் கற்கத்தக்க பாடமாக ஒழுங்குசெய்த பெருமக்களுள் முதல் வரிசையில் நிற்பவர், பிறப்பைக் காரணம் காட்டிப் பின்வாயிலுக்கு அனுப்பப்பட்ட ஒருவரே என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

காஸ்பார் மோன்ஜ் 1746-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் என்னும் நகரில் பிறந்தார். தந்தை சிறு வணிகர். ஊர் ஊராகச் சென்று பொருள் விற்றுப் பிழைத்தவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் மக்களுக்குக் கிட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். உள்ளூர்ப் பள்ளியில் சிறந்து விளங்கிய காஸ்பார், பின்னர் லியோன் நகரக் கல்லூரியில் பயின்றார். அங்கே பதினேழாம் வயதிலேயே இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

விடுமுறையில் ஊர் திரும்பிய அவர், 1764-இல் போன் நகரம் முழுவதையும் அளந்து பெரியதொரு வரைபடம் தயாரித்தார். அளக்கும் கருவிகளையும் தாமே செய்துகொண்டார். அவ்வரைபடத்தைக் கண்டு வியந்த படை அதிகாரி ஒருவர், மெசியேர் என்னும் ஊரில் இருந்த அரசின் இராணுவப் பொறியியற் பள்ளிக்கு அவரைப் பரிந்துரைத்தார். 1765-இல் மோன்ஜ் அங்குச் சென்றார். ஆயினும் மாணவராகச் சேர இயலவில்லை. அதிகாரிப் பயிற்சி உயர்குடிப் பிறந்தார்க்கே உரியதாயிருந்தது. சிறு வணிகரின் மகனுக்குக் கிடைத்தது, வரைபடம் தீட்டுவோரும் சுண்ணச்சாந்தில் கோட்டை மாதிரிகள் செய்வோரும் வேலை பார்த்த பட்டறையில் ஓர் இடமே.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் நன்று. மோன்ஜுக்கு நேர்ந்தது தீண்டாமை அன்று. குளத்து நீரும் தெருவும் பள்ளித் திண்ணையும் மறுக்கப்பட்ட நம் முன்னோர் பட்ட துன்பத்தோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால் அறிவைப் பாராமல் பிறப்பைக் கேட்டுக் கதவடைக்கும் அநீதியின் வேர், எந்நாட்டிலும் ஒன்றேயாம்.

அப்பட்டறையே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. ஒருநாள் கோட்டை ஒன்றின் அமைப்பைக் கணக்கிடும் பணி அவரிடம் வந்தது. சுற்றியுள்ள மேடுகளிலிருந்து பகைவர் சுட்டால், உள்ளே நிற்போர் மீது குண்டு படாதவாறு மதிற்சுவர் எவ்வளவு உயர வேண்டும்? இதனை விடுக்க அந்நாளில் நீண்ட எண் கணக்குகள் போடப்பட்டன. மோன்ஜ் வேறு வழி கண்டார். பகைவரின் மேட்டைத் தொட்டுக்கொண்டு கோட்டையின் மேலாகச் செல்லும் ஒரு தளத்தை அவர் மனத்தில் நிறுத்தினார். அத்தளத்திற்குக் கீழே உள்ளவை யாவும் காப்புடையவை. அத்தளத்தைத் தாளில் வரைந்து தீர்க்கும் முறையையும் அவரே வகுத்தார். விடை மிக விரைவில் கிடைத்தது. இவ்வளவு விரைவில் சரியான விடை வாராது என்று கருதிய அதிகாரி, அதனைச் சரிபார்க்கவும் முதலில் மறுத்துவிட்டார். மோன்ஜ் விடவில்லை. பின்னர்ச் சரிபார்த்தபோது விடை பிழையற்றது என்பது புலனாயிற்று.

முன்புறத் தோற்றம் ஒன்று, மேற்புறத் தோற்றம் ஒன்று என இரு படங்களால் ஒரு பொருளின் முழு வடிவையும் குறிப்பதே அவர் வளர்த்த முறை. இன்று ஐ.டி.ஐ. மாணவர்கள் பிளான், எலிவேஷன் என்று வரைவதற்கு ஒழுங்கான கணித அடிப்படை இட்டவர் அவரே. ஆனால் அம்முறை படை இரகசியம் என்று பூட்டிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர் அதனை வெளியிட இயலவில்லை. ஆயினும் அவரது அறிவை மறைக்க முடியவில்லை. 1769-இல் அப்பள்ளியிலேயே கணிதம் கற்பிக்கும் இடத்தைப் பெற்றார். மாணவராக நுழைய முடியாத பள்ளியில் உயர்குடி மாணவர்க்கு ஆசிரியரானார்! 1780-இல் பாரிசு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்புரிமைகள் சரிந்தன. மோன்ஜ் புரட்சியின் பக்கம் நின்றார். 1792-இல் கடற்படை அமைச்சராகச் சில மாதங்கள் பணிபுரிந்தார். எனினும் நம் நன்றிக்கு உரியது 1794-இல் அவர் முன்னின்று உருவாக்கிய கல்விக்கூடமே. மறு ஆண்டில் அது எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் பெற்றது. நம் நாட்டுப் பாலிடெக்னிக்குகள் தாங்கி நிற்பது அந்தப் பெயரையே. அங்கே சேரப் போட்டித் தேர்வே வழி, குலச்சான்று கேட்கப்படவில்லை. மாணவர்க்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டது. 1795-இல் ஆசிரியர் பயிற்சிக்கென நிறுவப்பெற்ற பள்ளியில், பூட்டப்பட்டிருந்த தம் முறையை மோன்ஜ் அனைவரும் கேட்க விரிவுரையாற்றினார். 1799-இல் அது நூலாக வந்தது.

அதே 1795-இல் மாணவர்க்கென அவர் அச்சிட்ட பாடத்தாள்களில், புறவெளியிலுள்ள நேர்கோடும் தளமும் சமன்பாடுகளாக இடம்பெற்றன. தே கார்த் 1637-இலேயே வடிவங்களை இயற்கணிதத்தால் ஆளும் வழியைக் காட்டியிருந்தார். கிளேரோவும் ஆய்லரும் முப்பரிமாண வளைவுகளையும் பரப்புகளையும் ஆராய்ந்திருந்தனர். எனினும் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம், ஒரு புள்ளியிலிருந்து தளத்திற்கு இறக்கும் செங்குத்து முதலிய கணக்குகளை வகுப்பறைப் பாடமாக வரிசைப்படுத்தி நிலைநாட்டியதில் மோன்ஜின் பங்கு பெரிது. வெக்டர் என்ற கருவி அவர் காலத்திற்குப் பின்னர் வந்தது. ஹாமில்டன் 1843-இலும், செருமானியப் பள்ளி ஆசிரியர் கிராஸ்மன் 1844-இலும் அதற்கு வித்திட்டனர்.

அவரது முறையின் எளிமையை ஒரு கணக்கால் காண்போம். முதற்கோட்டில் x = 2t, y = −t, z = 0. இரண்டாம் கோட்டில் x = 1, y = 2 + s, z = 2 − s. இவை ஒன்றையொன்று வெட்டுவதில்லை, இணையாகவும் இல்லை. தரையில் கிடக்கும் ஒரு கழியையும், அதற்கு மேலே வேறு திசையில் சாய்ந்து செல்லும் ஒரு கயிற்றையும் எண்ணிக்கொள்க. இவற்றின் மீச்சிறு தூரம் யாது?

முதற்கோட்டின் வழியே, இரண்டாம் கோட்டிற்கு இணையாக ஒரு தளம் அமைப்போம். அத்தளத்தின் செங்குத்துத் திசை (a, b, c) என்க. அது இரு கோடுகளுக்கும் செங்குத்தாதலால் 2a − b = 0 என்றும், b − c = 0 என்றும் ஆகும். எனவே a = 1 எனக் கொண்டால் b = 2, c = 2. முதற்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்வதால் தளத்தின் சமன்பாடு x + 2y + 2z = 0. இனி இரண்டாம் கோட்டிலுள்ள (1, 2, 2) என்ற புள்ளியை எடுப்போம். சமன்பாட்டின் இடப்பக்கத்தில் அதனை இட்டால் 1 + 4 + 4 = 9. செங்குத்துத் திசையின் நீளம் 1 + 4 + 4 என்பதன் வர்க்கமூலம், அதாவது 3. ஒன்பதை மூன்றால் வகுக்க, விடை 3 அலகுகள். இரண்டாம் கோடு தளத்திற்கு இணையாதலால் அதில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் விடை மாறாது. s = 1 என இட்டு (1, 3, 1) என்ற புள்ளியைக் கொண்டு நம் இளைஞர்கள் தாமே சோதித்துக் கொள்க.

கோடுகள் இரண்டு என்ற சிக்கலை, ஒரு தளம் ஒரு புள்ளி என்ற எளிய நிலைக்குக் கொண்டுவந்ததே இங்கு நாம் செய்த வேலை. மெசியேர் பட்டறையில் கோட்டைச் சுவருக்கு மேலே ஒரு தளத்தை நிறுத்திப் பார்த்த அதே பார்வை இது. அதிகாரிகள் இழிவாகக் கருதிய வரைவு வேலைதான் அவர் கண்களுக்குப் புறவெளியைத் திறந்து காட்டியது. கைவேலையில் அறிவு உண்டு. அக்கைவேலையோடு ஒருவரைப் பிறப்பால் கட்டிவைப்பதே குற்றம்.

மோன்ஜ் குறையற்றவர் அல்லர். நெப்போலியனின் நெருங்கிய நண்பராகி, 1796-இல் இத்தாலியிலிருந்து கலைச்செல்வங்களைப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லும் குழுவில் பணியாற்றினார். 1798-இல் எகிப்துப் படையெடுப்பிலும் உடன் சென்றார். உயர்குடிச் சலுகையால் தடுக்கப்பட்டவரே, பின்னாளில் பிரபுப் பட்டத்தை ஏற்றார். அவர் உருவாக்கிய கல்விக்கூடமும் 1972 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஒரு கதவைத் திறந்தவர் எல்லாக் கதவுகளையும் திறந்தார் என்று நாம் மயங்கலாகாது. நம் சங்கமும் நம் வீடுகளும் தம் பெண்மக்களை எங்கே நிறுத்தியிருக்கின்றன என்பதை இவ்வேளையில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும் ஏழை மாணவரை அவர் மறக்கவில்லை. 1805-இல் எக்கோல் பாலிடெக்னிக்கில் கட்டணம் விதிக்கப்பட்டபோது, தம் ஊதியத்தை ஏழை மாணவர்க்கு அளித்தார் என்று அவரது வாழ்வை எழுதிய அராகோ தெரிவிக்கிறார். நெப்போலியன் வீழ்ந்தபின் ஆட்சி மாறிற்று. 1816-இல் அறிவியல் கழகத்திலிருந்து மோன்ஜ் நீக்கப்பட்டார். உடலும் மனமும் தளர்ந்து 1818 சூலை 28-இல் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள மாணவர்க்கு அரசு தடை விதித்தது. அம்மாணவர்கள் பின்னர்த் திரண்டு கல்லறைக்குச் சென்று மலர்வளையம் வைத்து வணங்கினர். 1989-இல் அவரது எச்சங்கள் நாட்டின் பெருமக்கள் உறங்கும் பான்தியோன் மண்டபத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டன.

அன்பார்ந்த இளைஞர்களே! ஒரு தளத்தின் சமன்பாடு தன்னைத் தீர்ப்பவர் எத்தெருவில் பிறந்தவர் என்று கேட்பதில்லை. கேட்பவர் மனிதரே. அக்கேள்விக்கு விடை கூற நமக்குச் சட்டமும் போராட்டமும் வேண்டும். கூடவே கல்வியும் வேண்டும். கற்றதைப் பூட்டிவைக்காமல் அடுத்தவர்க்குக் கற்பித்தலும் வேண்டும். இன்று இக்கணக்கைப் புரிந்துகொண்ட ஒருவர், நாளை மாலை வகுப்பில் தயங்கி நிற்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அதனை விளக்குவாராயின், இவ்வெள்ளி விழா பயனுடையதாகும்.