ஒரத்தநாடு சத்திரத்தைக் கட்டிய சரபோஜி... கோட்டைக்குள் சுருங்கியது எப்படி?

தஞ்சாவூரில் இருந்து பட்டுக்கோட்டை போகும்போது, ஒரத்தநாட்டில் பழைய முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீங்க. 1802-ல் அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. ஆனா, சத்திரம் எழுந்த நேரத்தில் ஒரத்தநாடு அவர் ஆட்சியிலேயே இல்லை! மூன்று வருஷத்துக்கு முன்பே டெல்டாவின் நிர்வாகம் கிழக்கிந்திய கம்பெனியிடம் போய்விட்டது.

மாநில உரிமை, கூட்டாட்சி என்று இன்று நாம் பேசும் விஷயத்தை அவர் வாழ்க்கையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

யார் இந்த சரபோஜி?

பிறந்தது 1777-ல். ஆண் வாரிசு இல்லாத மன்னர் துளஜா, 1787-ல் அவரைத் தத்தெடுத்தார். சில நாட்களிலேயே துளஜா இறந்துபோக, அந்தத் தத்து செல்லாது என்று முடிவு செய்த கம்பெனி, துளஜாவின் தம்பி முறையான அமர்சிங்கை அரியணையில் ஏற்றியது. சிறுவன் சரபோஜியைப் பாதுகாத்து, படிக்க வைத்தவர் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ்.

1798-ல் அதே கம்பெனி, தத்து செல்லும் என்று சொல்லி அமர்சிங்கை இறக்கியது. சரபோஜி மன்னர் ஆனார். தஞ்சைக்கு யார் ராஜா என்பதை முடிவு செய்யும் இடம் அரண்மனைக்கு வெளியே போய்விட்டது.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

1799 அக்டோபர் 25-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, நாட்டு நிர்வாகமும் நெல் விளையும் டெல்டாவின் வரி வசூலும் கம்பெனிக்கு. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அவருடைய அதிகாரம் தஞ்சைக் கோட்டையோடும் அதன் சுற்றுப்புறத்தோடும் நின்றது.

மிச்சம் இருந்ததில் என்ன செய்தார்?

சத்திரங்களின் நிர்வாகத்தை மட்டும் விடாமல் தன் கையில் வைத்துக்கொண்டார். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு, நோயாளிகளுக்கு மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் அங்கே கிடைத்தன. சரஸ்வதி மஹால் நூலகத்தைப் பெருக்கினார். 1805-ல் அச்சகம் தொடங்கினார். மருத்துவ ஆய்வுக்கு தன்வந்திரி மஹால் நடத்தினார். 1832-ல் காலமானார்.

அதன் பிறகு?

மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கம்பெனி மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. குடும்பத்தின் சொந்தச் சொத்து உட்பட! ராணி காமாட்சிபாய் வழக்குப் போட்டார். சென்னையில் ஜெயித்தார். ஆனா, 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இது ஓர் அரசின் நடவடிக்கை, இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்பதுதான் காரணம்.

இன்றைக்கு என்ன சம்பந்தம்?

இன்று மாநிலங்களின் அதிகாரம் ஒப்பந்தத்தில் இல்லை, அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஏழாவது அட்டவணை மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துச் சொல்கிறது. தகராறு வந்தால் மாநிலம் உச்ச நீதிமன்றம் போகலாம்.

ஆனாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 3-வது பிரிவின்படி நாடாளுமன்றம் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், எல்லையை, பெயரை மாற்றலாம். மாநில சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. அமெரிக்காவிலோ மாநிலங்களைப் பிரிக்கவும் இணைக்கவும் அந்தந்த மாநில சட்டமன்றத்தின் சம்மதம் கட்டாயம். இங்கே 2019-ல் ஜம்மு-காஷ்மீர் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாக மாறியதைப் பார்த்தோம்.

சரபோஜியிடம் பட்டம் இருந்தது, கோட்டை இருந்தது. வரி வசூல் அவர் கையில் இல்லை. அவர் குடும்பம் நீதிமன்றம் போனபோது அங்கேயும் கதவு சாத்தப்பட்டது. ஜி.எஸ்.டி. பங்கு, மாநில உரிமை என்று அடுத்த விவாதம் வரும்போது இந்த இரண்டையும் முதலில் கவனிங்க: வசூல் யார் கையில்? நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறதா?